கணிதமேதை இராமாநுஜன் வளர்ந்த வரலாறு

நம் பாலாற்றங்கரைக் கழனிகளில் சொர்ணவாரிப் பட்டத்தில் நட்ட நெல் ஆவணிக்குள் களத்திற்கு வந்துவிடும். சம்பா நெல்லோ தை பிறக்கும்வரை வயலிலேயே நிற்கும். சம்பா ஆவணியிற் கதிர் ஈனவில்லை என்று சினந்து அதனை அறுத்து மாட்டுக்கு இடும் உழவர் எவரும் இலர். பயிர்க்குக் காட்டும் இப்பொறுமையை நாம் பெற்ற பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோமா என்பது ஆராய்தற்குரியது. மூன்று வயதாகியும் பேசாத குழந்தையை ஊமை என்கிறோம்; தனித்திருக்கும் சிறுவனைப் பித்தன் என்கிறோம்; ஒரு பாடத்திற் சிறந்து மற்றவற்றில் தவறும் மாணாக்கனை உதவாக்கரை என்று பெயரிட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். இம்மூன்று பெயருக்கும் ஒருங்கே இலக்காகத்தக்க இளமையுடையவராய் இருந்து, பின்னர் உலகம் போற்றும் கணித வல்லுநராய் விளங்கியவர் சீனிவாச இராமாநுஜன். அவர் நம் மரபிற் பிறந்தவரல்லர். ஆயினும் அறிவுடையார் வாழ்க்கை எல்லார்க்கும் பொதுவாதலானும், அவ்வறிவை வளர்த்தவர் யார், தடுத்தவர் யார் என்று அறிதல் பிள்ளை பெற்றார் அனைவர்க்கும் பயன்படுமாதலானும், அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றேன்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு சேலைக்கடையிற் கணக்கெழுதும் குமாஸ்தா. மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனைப் பாடல்கள் பாடிச் சிறுதொகை ஈட்டுவார். இரண்டாம் வயதிற் குழந்தைக்கு வைசூரி கண்டது, தழும்புகளோடு பிழைத்தது. அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்தன. ஆதலின் நெடுங்காலம் ஒற்றைப் பிள்ளையாகவே தாயின் நிழலில் வளர்ந்தார்.

அப்பிள்ளை மூன்று வயதுவரை பெரும்பாலும் பேசவேயில்லை. அஞ்சிய தாயார், அந்நாளிற் காஞ்சிபுரத்தில் வாழ்ந்திருந்த தம் தந்தையார் இல்லத்திற்கு மகனை அழைத்துவந்தார். நம் வாலாஜாபாத்திற்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள அக்காஞ்சியிலேதான், குடும்ப நண்பர் ஒருவர் சொற்கேட்டு, பாட்டனார் குழந்தையின் கையைப் பிடித்துப் பரப்பிய அரிசியின்மேல் எழுத்துக்களை வரைவித்து, ஒவ்வொன்றையும் வாயால் ஒலிப்பித்தார். ஊமையோ என்ற ஐயம் நீங்கியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என்னும் நெடுங்கணக்கைப் பிள்ளை முறையே கற்றுத் தேறியது. பேசாத குழந்தையை அடித்து அச்சுறுத்தாமல் எழுத்தின் வழியே பேச்சிற்கு அழைத்துவந்த அப்பாட்டனார் செயல் பாராட்டத்தக்கது.

1892ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் திண்ணைப் பள்ளியிற் சேர்த்தனர். அங்கும் அவர் மற்றப் பிள்ளைகளைப்போல் இருந்தாரல்லர். உலகில் முதல் மனிதன் யார், ஒரு மேகத்திற்கும் மற்றொரு மேகத்திற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பன போன்ற வினாக்களை எழுப்புவார். ஓடியாடும் விளையாட்டில் விருப்பமிலர். 1894இற் காஞ்சிபுரத்திலேயே தெலுங்கு மொழியிற் பாடம் நடத்திய ஒரு பள்ளியிற் சிலகாலம் பயின்றார். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு. கைகட்டி வாய்மேல் விரல் வைத்திருக்கச் செய்யும் தண்டனைக்கு உள்ளாகிச் சினங்கொண்டு வகுப்பை விட்டு வெளியேறுவதும் உண்டு. பாட்டனார் வேலை இழந்தபின் கும்பகோணம், பின்னர்ச் சென்னை, மீண்டும் கும்பகோணம். சென்னையிற் பள்ளிக்குச் செல்லவே மறுத்தமையால், அவரை அழைத்துச் சென்று விடுதற்கு ஒரு காவற்சேவகரின் உதவியை நாடும்படி ஆயிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் எதிர்கொண்டு அழைத்த ஒருவரை, ஏழாண்டுப் பருவத்தில் காவலர் அழைத்துச் செல்ல நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க.

கும்பகோணத்திற் காங்கேயன் தொடக்கப்பள்ளியில் நிலைபெற்றபின் பிள்ளையின் ஆற்றல் புலப்படலாயிற்று. 1897ஆம் ஆண்டுத் தொடக்கப்பள்ளித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகியவற்றிற் சிறந்து மாவட்டத்தில் முதல்வராக வந்தார். ஆகவே பிற பாடங்களில் அவர்க்கு இயல்பாகவே அறிவில்லை என்பது பொருந்தாது. அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து ஆறாண்டு பயின்றார். எவ்வெண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் கூறியபொழுது, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானோ என்று இவர் வினவியதாக உடன்பயின்றோர் பிற்காலத்துக் கூறுவர். வீட்டில் உணவும் இடமும் பெற்றுத் தங்கியிருந்த கலாசாலை மாணாக்கரிடம் அவர்கள் கற்ற கணிதம் முழுவதையும் சிறு வயதிலேயே கேட்டறிந்தார். அவர்கள் இரவல் தந்த லோனி என்பாரின் திரிகோண கணித நூலைப் பதின்மூன்றாம் வயதிற் கரைகண்டார். அத்துறையில் தாமே ஓர் உண்மையைக் கண்டு மகிழ்ந்திருக்க, அதனை ஆய்லர் என்னும் ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டனர் என்று தெரியவந்தது. நாணமுற்ற சிறுவர் தம் தாள்களை வீட்டுக் கூரையிற் செருகி மறைத்தார்.

இப்பள்ளி இவரை அடக்க முயலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1,200 மாணாக்கரை முப்பத்தைந்து ஆசிரியர்க்குப் பகிர்ந்து கால அட்டவணை வகுக்கும் கடினமான வேலையைக் கணித ஆசிரியர் இவரிடமே ஒப்புவித்தார். 1904இற் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணாக்கர் தகுதிக்குக் குறைவானதே என்னும் கருத்துப்படப் பாராட்டிப் பரிசு வழங்கினார். பிள்ளையின் கையில் அவன் வலிமைக்கேற்ற பொறுப்பைக் கொடுப்பதும், கொடுத்தபின் ஊரறியப் பாராட்டுவதும் நல்லாசிரியர்க்கு இலக்கணமாம்.

ஏறத்தாழப் பதினாறாம் வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் இவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 முடிபுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றியோ, சிறு குறிப்பளவிலோ வரிசைப்படுத்திய நூல் அது; தேர்வுக்குப் பயில்வார்க்கென்று எழுதப்பட்டது. இராமாநுஜனுக்கோ அதன் ஒவ்வொரு வரியும் ஒரு புதிராய் நின்றது. வழி காட்டாது முடிபு மட்டும் கூறியமையால், வழியைத் தாமே வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அன்று தொடங்கிக் கணிதம் ஒன்றே அவர் மனத்தை முற்றும் கவர்ந்துகொண்டது. அவர் பெருமையும் துன்பமும் ஒருங்கே தொடங்கியது இவ்விடத்தில் என்க.

அவ்வாண்டு கும்பகோணம் அரசினர் கலாசாலையில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். ஆங்கிலம், உரோம கிரேக்க வரலாறு, உடலியல் என்பனவற்றைக் கண்ணெடுத்தும் பாராமல், வகுப்பிலிருந்தே கணிதம் போட்டார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் தாமே கலாசாலைத் தலைவரிடம் சென்று முறையிட்டும் பயனில்லை. விதி விதியே என்று மறுமொழி வந்தது. 1905இல் நாணமும் வறுமையும் நெருக்க, யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புச் செய்து தேடினர். 1906இற் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்னும் கணிதப் பேராசிரியர் இவரோடு உடனிருந்து கடினமான கணக்குகளை ஆராய்ந்து ஊக்கினார். எனினும் எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தவறினார். கணிதத்தில் நிகரற்றவர், பிற பாடங்களிற் குறைந்தமையால் பட்டமில்லாதவர் ஆனார்.

இங்கே நாம் இருபுறமும் ஆராய்தல் வேண்டும். எல்லாப் பாடத்தையும் எல்லார்க்கும் ஒரே கோலால் அளக்கும் முறை ஒருவகைக் கொடுமையே. ஆனால் பிள்ளை விரும்பாததை விட்டுவிடுக என்று கைகழுவுதலும் நன்மையன்று. பட்டமில்லாமையால் இவர்க்கு உரிய ஆசிரியரும் நூலகமும் கிடைக்காமற் போயின. ஐரோப்பாவில் முன்னரே கண்டறியப்பட்ட பல உண்மைகளைத் தனியே மீண்டும் கண்டறிவதில் பொன்னான ஆண்டுகள் கழிந்தன. பிற்காலத்தில் இவரை உலகறியச் செய்த ஹார்டி என்னும் ஆங்கிலப் பேரறிஞர், இராமாநுஜன் இளமையில் இறந்ததைவிட, இவ்வாண்டுகளில் வழிகாட்டுவார் இன்றி உழன்றதே பெருந்துயரம் என்று கருதினார். ஆகையால் பிற பாடங்களையும் பிள்ளை ஓரளவேனும் கற்குமாறு அன்பாகச் செய்தல் பெற்றோர் கடன். அவற்றில் தவறினான் என்பதற்காக அவன் வல்ல பாடத்தின் வாயிலையும் அடைத்துவிடாதிருத்தல் கலாசாலையின் கடன். கும்பகோணத்தில் இவ்விரு கடனும் நிறைவேறவில்லை.

பின்வந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். தாள் வாங்கப் பணமின்மையால் சிலேட்டுப் பலகையிற் கணக்கிட்டு முழங்கையால் அழித்துவிட்டு, முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பத்து வயதுச் சிறுமியான ஜானகியைத் தாயார் மணம் செய்துவைத்தார். இல்லறம் ஏற்றபின் வேலை தேடவேண்டியதாயிற்று. 1910இல் திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவரும், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவருமான இராமசாமி ஐயரிடம் ஒரு சிறு குமாஸ்தா வேலை வேண்டிச் சென்றார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இவ்வறிவை ஒரு தாலுகாக் கச்சேரியிற் புதைக்க மனம் ஒருப்படாமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்க்குக் கடிதம் தந்து அனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் தொடர்பு கிடைத்தது. அவர் முதலில் ஐயுற்றார். சில முறை கண்டு பேசியபின் தெளிந்தார். யாது வேண்டும் என்று கேட்டபொழுது, உணவுக்கவலையின்றி ஆராய்ச்சி செய்யும் அளவு சிறு உதவியே போதும் என்றார் இராமாநுஜன். மாதந்தோறும் 25 ரூபாய் அனுப்பிவர இராமச்சந்திர ராவ் இசைந்தார். 1911இல் இராமாநுஜனின் முதற்கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ விரும்பாமையால், 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். சிப்பம் கட்டும் தாள்களிலும் கணக்கெழுதுவார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். மாலைப்பொழுதில் இவரோடு அமர்ந்து சிலேட்டிற் கணக்கிடுவார். பத்துப் படிகளை இரண்டாகச் சுருக்கிவிடும் இவர் வழக்கத்தைக் கண்டு, பிறர்க்கு விளங்குமாறு இடைப்படிகளையும் எழுதவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். புகழ்ந்து பேசுவார் பலர். உடன் அமர்ந்து திருத்துவார் சிலர். நாராயண ஐயர் அச்சிலருள் ஒருவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றார்.

1913 ஜனவரி 16ஆம் நாள் இராமாநுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குத் தம் முடிபுகள் பலவற்றை எழுதி அனுப்பினார். அதற்கு முன் எழுதிய வேறு அறிஞரிடமிருந்து ஊக்கம் கிடைக்கவில்லை. ஹார்டியோ தம் தோழர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் பெருமேதை என்று துணிந்தார். சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் முதுகலைப் பட்டம் பெற்றார்க்கே உரியது என்று விதி இருந்தது. எஃப்.ஏ. தேர்விலும் தவறியவர்க்கு அதனை எங்ஙனம் அளிப்பது என்ற வினா எழுந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் நோக்கமே என்னும் நியாயம் வென்றது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கிடைத்தது. எட்டாண்டுக்கு முன் விதியே பெரிது என்று மூடிய கதவு, நோக்கமே பெரிது என்று திறந்தது. விதி வகுப்போர் இவ்விரண்டு நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கடவர்.

கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறு என்று குடும்பம் முதலில் தடுத்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவளித்ததாகத் தாயார் கூறியபின் தடை நீங்கியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். ஆங்கும் அவர் ஊரோடு ஒட்டாதவரே. புலால் உண்ணாமையால் தாமே சமைத்துக்கொள்வார். படுக்கையின் கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அறியாமல், குளிரில் மேற்சட்டையோடு நடுங்கிக் கிடந்தார். நண்பர் மகலனோபிஸ் அதனைக் கண்டு கற்பித்தார். மேகத்தின் தூரம் கேட்ட அறிவுக்கும் கம்பளி போர்த்தும் வகையை ஒருவர் சொல்லித்தரவேண்டியிருந்தது. ஆதலின் கூர்த்த அறிவுடைய பிள்ளைக்கு எல்லாம் தானே தெரிந்திருக்கும் என்று பெற்றோர் வாளா இருத்தல் ஆகாது.

ஹார்டி இவர்க்குக் கற்பித்த முறை ஆசிரியர் அனைவர்க்கும் பாடம். நிறுவல் என்பது யாது என்றே முறையாகக் கல்லாதவர் இராமாநுஜன். அடிமுதல் யாவும் கற்பித்தால் உள்ளத்து ஊற்று அடைபட்டுவிடும்; கற்பியாது விட்டால் பிழை மலியும். ஹார்டி இவ்விரண்டிற்கும் இடையே நடந்து, வேண்டியதை வேண்டியபோது மட்டும் கற்பித்தார். தாம் கற்பித்ததினும் அவரிடம் கற்றதே மிகுதி என்றும் ஒப்புக்கொண்டார். இருவரும் கூடிச் செய்த ஆராய்ச்சிகளுள் எண்களின் பிரிவு பற்றியது தலையாயது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10 என்பதற்கு 42 வகை. 100 என்பதற்கு 19,05,69,292 வகை. 200 என்பதற்கு எண்ணினால் வாழ்நாள் போதாது; அதன் வகைகள் 3,97,299 கோடிக்கும் மேல். இத்தகைய எண்களையும் ஒரு வாய்பாட்டால் நெருங்கிக் காட்டினர் இவ்விருவரும்.

1916இல் ஆராய்ச்சியின்பொருட்டுக் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். அவ்வாண்டே டிரினிடி கலாசாலையும் தன் அங்கத்தினராக ஏற்றது. ஆயின் 1917 முதலே உடல் நலிந்தது. போர்க்காலத்து உணவுக் குறை, குளிர், தனிமை, காலமறியா உழைப்பு என்பன கூடின. காசநோய் என்று அக்காலத்து மருத்துவர் கருதினர்; ஈரலைப் பற்றிய நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தார் ஆராய்ந்துள்ளனர். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். படுக்கையிலும் கணிதத்தை விட்டாரல்லர். அவ்விறுதிக் காலத்துத் தாள்களை 1976இற் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பார் கண்டெடுத்தார். அவற்றை ஆராய்தலே பல அறிஞர்க்கு நெடுநாட் பணியாயிற்று. அவர் பிறந்த நாளை இந்திய அரசு தேசியக் கணித நாளாக்கியுள்ளது.

நாடு திரும்புமுன் 1919 ஜனவரியில் அவர் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதம் ஒன்றுண்டு. தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிப்பதாக அறிவித்திருந்ததில், பெற்றோர்க்கு 50 பவுன் கொடுத்துத் தம் இன்றியமையாச் செலவும் போக, எஞ்சியதை ஏழைச் சிறுவரும் அநாதைச் சிறுவரும் கற்றற்குச் சம்பளத்திற்கும் நூல்களுக்கும் செலவிடுக என்று அதில் வேண்டினார். உபகாரச் சம்பளம் இழந்து ஊரைவிட்டு ஓடிய மாணாக்கரின் நெஞ்சு அக்கடிதத்திற் பேசுகின்றது.

ஜானகியம்மையாரையும் மறத்தல் தகாது. இளமையிற் கணவரை இழந்த அவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் தையற்றொழிலால் வாழ்ந்து, ஒரு சிறுவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்துக் கல்வி கற்பித்து ஆளாக்கினார், 1994இல் மறைந்தார். மகனுக்குத் தாள் கிடைக்கவில்லை என்று வருந்திய காலம், பெண்மகளுக்கு அது வேண்டும் என்றே எண்ணவில்லை. பத்து வயதில் மணமேடை ஏறிய சிறுமியருள் எத்தனை அறிவு முளையிலேயே கருகியதோ!

அன்பர்களே, இவ்வரலாற்றில் இராமாநுஜனை உயர்த்தியவர்கள் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் அரிசி பரப்பினார். மாணாக்கர் நூல் இரவல் தந்தனர். ஒருவர் கடிதம் கொடுத்தார். ஒருவர் 25 ரூபாய் அனுப்பினார். ஒருவர் மாலைதோறும் உடனிருந்து திருத்தினார். இவற்றுள் நம்மால் இயலாதது ஒன்றேனும் உண்டோ? எல்லாப் பிள்ளைகளும் இராமாநுஜன் ஆகார், ஆகவேண்டுவதும் இல்லை. ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்கும் உரிய ஓர் இடம் உலகில் உண்டு என்று நம்பி, அதனைத் தேட நாம் துணைசெய்தல் வேண்டும்.

ஆகலின் நம் சங்கத்தார்க்கு யான் பணிந்து கூறுவது இது. ஆண்டுதோறும் நாம் அளிக்கும் உதவித்தொகையை மொத்த மதிப்பெண் ஒன்றையே கண்டு அளித்தல் போதாது. ஒரு பாடத்தில் மட்டும் ஓங்கி நிற்கும் பிள்ளைக்கென்று, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு பங்கு ஒதுக்குக. அவர் பின்தங்கிய பாடங்களை மாலையில் அன்போடு கற்பிக்க நம்முட் படித்தவர் முன்வருக. தேர்வில் தவறிய செய்தி வந்த அன்று, பிள்ளையைத் தறிக்கோ கடைக்கோ கொடுக்கத் துணியுமுன், பெற்றோர் அவன் ஆசிரியரை ஒருமுறை கண்டு, இவன் எதில் வல்லவன் என்று கேட்டறிக. எதில் தவறினான் என்பதை மதிப்பெண் தாளே சொல்லிவிடும். எதில் வல்லவன் என்பதைக் கேட்டாலன்றி எவரும் சொல்லார்.